லாண்டரியில் கருகிய போர்வை

அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம். அத்தானின் முட்டிவலி தேவலையா? நான் ராஜா மாதிரி இருக்கிறேன்.

டிவி செய்தியை நம்பாதே. எங்கள் லாண்டரியில் கருகியது ஒரே ஒரு போர்வை. கேமராவோடு வந்தவனிடம், "ரெண்டு பேரை நான்தான் தூக்கிட்டு வந்தேன் தம்பி!" என்று சும்மா அளந்துவிட்டேன். சாயங்காலப் பேப்பரில் இருவர் பலி. மறுநாள் நம்மூர் சேனலில் இருபது பேர், கட்டிடமே சாம்பல்!

என் அறையில் தங்கும் இஸ்திரிக்காரனின் அம்மா, ஊரில் அதைப் பார்த்த இடத்திலேயே நெஞ்சடைத்துப் போய்விட்டாளாம். "போர்வைதான்னு சொல்லியிருக்கலாமேய்யா" என்றான். போர்வை என்றால் எவன் கேமராவைத் திருப்புவான்?

பிள்ளைகளிடம் மாமா ஹீரோ என்று சொல். படிக்கிற கண்ணாடி ஒன்று அனுப்பு. ஷிஃப்ட் மணி அடிக்கிறது.

செய்தி வந்து பத்து நாளாகிறதே அக்கா, நீ ஏன் ஒரு போன்கூடப் பண்ணவில்லை?

உன் தம்பி