உங்கள் காணியால் போன தண்ணீர்

சின்ன வயதில் என்னை இடுப்பில் காவித் திரிந்த என் பூமணி அக்காவுக்கு,

முந்தநாள் முகத்துவாரம் வெட்டியாயிற்று. இந்த முறையும் களப்புத் தண்ணீர் உங்கள் காணியால்தான் கடலுக்குப் போனது. நீங்கள் கண்மூடிய பிறகு வந்த முதல் மாரி இது. பின்கொட்டிலில் உங்கள் பாய் சுருட்டினபடி இருக்கிறது. தண்ணீரின் இரைச்சல் கேட்டதும் "வெட்டிப்போட்டாங்கள் போல" என்று சொல்வதற்கு அங்கே ஆளில்லை.

உங்களுக்கு எழுதுவதை ஊரும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஊருக்கு உண்மையை நான் சொல்லாமல் விட்டதால் வந்த வினைதானே எல்லாம்?

எங்கள் ஈச்சங்குடாவைத் தெரியாதவர்களும் வாசிக்கக்கூடும். அதனால் கொஞ்சம் வாத்தியார் குணத்தைக் காட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இறக்கக்கண்டியைத் தாண்டி வடக்கே வந்தால் கிழக்கில் கடல், மேற்கில் களப்பு என்கிற உப்பங்கழி, இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்திட்டு. வீடுகளும் தென்னைகளும் அதன்மேல். களப்புக்கு அங்காலே வயல். கந்தளாய்ப் பக்கம்போல எங்களுக்குப் பெரிய குளம் இல்லை. மாரி மழையை நம்பித்தான் விதைப்பு. அந்த மழையே கூடிவிட்டால் களப்பு நிரம்பி வயலுக்குள் ஏறும். அப்போது மணல்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து அந்த வாயைத் தானே அடைத்துவிடும். இதுதான் எங்கள் ஊரின் பூமிசாத்திரம்.

சரித்திரம் இன்னும் சின்னது. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது, அங்கே வேலை செய்த எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு ஊருக்குத் திரும்பினார்கள். வலை இழுக்கப் பழகாதவர்கள் களப்புக்கு அங்காலே காடு வெட்டினார்கள். கிடைத்ததெல்லாம் பள்ளம். நம் அப்பு மட்டும் பள்ளத்தோடு ஒரு மேட்டுத் துண்டையும் பிடித்து வைத்தார். கரையோரத் தென்னங்காணி உங்களுக்குச் சீதனம். வயலும் மேடும் எனக்கு. அன்றைக்கு அதுதான் நியாயமான பங்கு. தென்னை காய்த்துக்கொண்டிருந்தது, மேடு வெறும் பற்றைக்காடு. அத்தான் காய்ச்சலில் போன பிறகும் உங்களுக்கும் மகள் வதனிக்கும் சோறு போட்டவை அந்தத் தென்னைகள்தானே?

பிறகு அந்தப் பெரிய சூறாவளி வந்தது. கோவிலடியில் இருந்த பழைய முகத்துவாரத்தைக் கடல் ஆள் உயரத்துக்கு மேல் மணலால் மூடிவிட்டது. அடுத்த மாரியில் எத்தனை பேர் வெட்டியும் ஏலாமல் போயிற்று. மணல்திட்டு எங்கே ஒடுக்கமாக இருக்கிறதென்று பார்த்துக்கொண்டு போனார்கள். உங்கள் காணியில் வந்து நின்றார்கள்.

நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சீதனக் காணியில் ஊர் மண்வெட்டி விழவேண்டுமென்றால், அந்தக் காணிக்காரி தன் கையால் முதல் மண்ணை வெட்டவேண்டும். அவள் வெட்டாமல் ஆண்கள் எவரும் கைவைப்பதில்லை. அங்காலைக் கரையில் வயல் செய்யும் காசிம் காக்காதான் என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், பூமணியிட்ட நீங்கதான் கேக்கோணும். நாங்க கேட்டா அது வேற மாதிரி."

நீங்கள் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தீர்கள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் வாய் திறக்க முதலே உங்களுக்கு விளங்கிவிட்டது.

"தென்னை போகுமே, தம்பி?"

"ரெண்டு மூண்டு போகும் அக்கா. ஒரு வருசத்துக்குத்தான். கோடைக்கு மண் தானா மூடும்."

"நீ சொன்னாச் சரி."

நான் சொன்னால் சரியாம்! அக்கா, அந்த மண்ணைப்பற்றி எனக்கு என்ன தெரியும்? என் நாற்று அழுகுகிறது என்பது மட்டும்தான் தெரியும். நீங்கள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து முதல் மண்ணை வெட்டினீர்கள். விடிந்து பார்த்தால் பாதிக் காணியைக் காணவில்லை. கோடையில் மணல் மூடியதுதான், பொய்யில்லை. ஆனால் மணலில் தென்னை இல்லையே. அடுத்த மாரியில் தண்ணீர் தான் பழகிய வழியைத் தேடி வந்தது. அதற்கடுத்த மாரியில் வீட்டுச் சுவர் சரிந்தது. வதனியின் கையைப் பிடித்துக்கொண்டு, அலுமாரியை வண்டியில் ஏற்றி, நீங்கள் என் வீட்டுப் பின்கொட்டிலுக்கு வந்தீர்கள்.

ஊர் நன்றி கெட்ட ஊர் இல்லை. பூமணிக்கு மாற்றுக்காணி கொடுக்கவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். காசிம் காக்கா எழும்பி நின்று சொன்னார். தண்ணீர் ஏறாத காணி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் "பார்ப்பம்" என்றேன். அந்தப் "பார்ப்பம்" எத்தனையோ மாரியைத் தாண்டிவிட்டது. கேட்பவர்களும் வரவரக் குறைந்துபோனார்கள். ஊருக்கு உபதேசம் செய்கிற வாத்தியாரை எத்தனை தரம்தான் கேட்பது?

அதோடு நின்றேனா? பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு 'நமது ஊர்' என்று ஒரு பாடம் எழுதினேன். "கிழக்கே கடல். மேற்கே களப்பு. இரண்டையும் இணைப்பது இயற்கையான முகத்துவாரம்." பிள்ளைகள் ராகம் போட்டுப் பாடமாக்கினார்கள். இயற்கை என்றால் சொந்தக்காரர் இல்லை. சொந்தக்காரர் இல்லையென்றால் மாற்றுக்காணியும் இல்லை. இதை நான் யோசித்து எழுதவில்லை என்று உங்களிடம் சொல்ல எனக்கு ஆசை. யோசித்துத்தான் எழுதினேன்.

வீட்டுக்குப் படிக்கவந்த பிள்ளைகள் அதைச் சொல்வது உங்கள் காதில் விழுந்தது. நீங்கள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டீர்கள்.

"தம்பி, இயற்கையெண்டா என்ன?"

"அது... கடவுள் தந்தது அக்கா."

"அப்ப நான் கடவுளோ?"

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். உண்மையான சிரிப்பு, குத்தலே இல்லை. குத்திக் கதைத்திருந்தால் நானும் சண்டை பிடித்துக்கொண்டு தப்பியிருப்பேன். மீன் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினீர்கள். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டு முடித்தேன்.

இப்போது உங்களுக்குத் தெரியாத புதினத்துக்கு வருகிறேன். போன மாதம் சல்லி ஊரிலிருந்து வதனியைப் பெண்பார்க்க வந்தார்கள். பொடியன் நல்லவன். தாய்க்காரி கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி, "பிள்ளைக்கு வளவு எங்க?" என்று கேட்டா. கேட்கத்தானே செய்வார்கள், பெண்ணுக்கு வீடு கட்டச் சீதனக் காணி கொடுப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. நான் தொண்டையைச் செருமினேன். வதனி எழும்பி, "வாங்கோ, காட்டுறன்" என்று எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போய், முகத்துவாரத்தின் நட்ட நடுவைக் கை நீட்டிக் காட்டினாள்.

"அதுதான் என்ர வளவு."

பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தாய்க்காரி என்னைத் திரும்பிப் பார்த்தா. "இதென்ன கதை மாஸ்டர்? இது இயற்கையா வந்ததெண்டுதானே பிள்ளையள் படிக்கினம்?"

அக்கா, நான் பேசாமல் நின்றேன். 'இல்லை, இது என் அக்காவின் காணி' என்று சொல்ல என்ன செலவு? வாயைத் திறந்தால் மேட்டுக்காணியையும் திறக்கவேண்டும் என்று பயந்தேன். வந்தவர்கள் மறுமொழி சொல்லாமல் போய்விட்டார்கள். வதனி வீட்டுக்கு வந்து கோப்பைகளைக் கழுவினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வளர்ப்பு அப்படி, நீங்கள் வளர்த்த பிள்ளை.

மழை தொடங்கியது. முந்தநாள் இரண்டு கரை ஆட்களும் முகத்துவாரத்தில் கூடினார்கள். உங்களுக்குத் தெரியும், 'இயற்கை' ஆன நாளிலிருந்து முதல் மண்ணை நான்தான் வெட்டுகிறேன், மாஸ்டர் என்கிற மரியாதையில். வழமைபோல மண்வெட்டியை என்னிடம் நீட்டினார்கள். வாங்கினேன். தூக்க ஏலவில்லை. சனத்துக்குள் நின்ற வதனியிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"இது பூமணி அக்காட காணி. மகள் வெட்டாமல் ஒருத்தரும் வெட்ட ஏலாது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

உங்கள் மகள் மண்வெட்டியை வாங்கி, மணலில் வைத்துவிட்டு, அதன்மேல் காலையும் வைத்தாள்.

"முதல் என்ர வளவைக் காட்டுங்கோ மாமா. பிறகு வெட்டுறன்."

வயலுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, என் வயலுக்குள்ளும்தான். காசிம் காக்கா மெல்லச் சொன்னார்: "புள்ள கேக்கிறதில பிழையில்ல மாஸ்டர்." நான் களப்புக்கு அங்காலே கையை நீட்டினேன். "அந்த மேடு, பிள்ளை. முழுக்க." சாட்சிக்கு இரண்டு கரையும் நின்றது. அவள் குனிந்து முதல் மண்ணை வெட்டினாள். சேலைத் தலைப்பை நீங்கள் செருகினதுபோலவே செருகியிருந்தாள். எனக்குப் பார்க்க ஏலவில்லை.

ஆகவே அக்கா, நான் கொடுத்தேன் என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால் நம்பாதீர்கள். நானாகக் கொடுக்கவில்லை. அவள் காலை வைத்து நின்றதால் கொடுத்தேன். நீங்கள் ஒருநாள் அப்படி நின்றிருந்தால் உங்களுக்கும் கொடுத்திருப்பேனோ? நீங்கள் ஏன் நிற்கவில்லை? தம்பி தானாகத் தருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்களோ?

உங்கள் மச்சாள், என் வீட்டுக்காரி, அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. அந்த மேடு எங்கள் கடைசிப் பெண்ணுக்கு என்று மனதில் வைத்திருந்தா. நேற்றுச் சோற்றை வைத்துவிட்டு, "வதனிட வேலியைக் கெதியா அடையுங்கோ, மாடு உள்ள பூரப்போகுது" என்றா. அவ்வளவுதான். சல்லிக்காரர் இன்னும் மறுமொழி அனுப்பவில்லை. வதனியிடம் சொன்னேன். "வந்தா வரட்டும். வராட்டிலும் வளவு எனக்குக் கிடக்குத்தானே" என்கிறாள்.

இன்று காலை நாலாம் வகுப்பில் பழைய பாடத்தை அழித்துவிட்டுக் கரும்பலகையில் புதிதாக எழுதினேன். "இரண்டையும் இணைப்பது பூமணி என்பவர் ஊருக்குக் கொடுத்த காணி." பிள்ளைகள் அதையும் ராகம் போட்டுத்தான் சொன்னார்கள். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் கையை உயர்த்தினாள்.

"சேர், அவ ஏன் குடுத்தவ?"

"அவவின்ர தம்பி கேட்டவர், பிள்ளை."

"அப்ப தம்பி அவவுக்கு என்ன குடுத்தவர்?"

"ஒண்டும் குடுக்கேல்லை" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு இருந்துவிட்டாள். இந்தப் பாடத்தை இனி நான் வேறொருவர் கையில் விடமாட்டேன், அக்கா. ஒவ்வொரு வருசமும் புதிய பிள்ளைகள் வருவார்கள். ஒருவரும் கேட்காவிட்டால் அந்தக் கேள்வியை நானே கேட்பேன், மறுமொழியையும் மாற்றாமல் சொல்வேன். இது நீங்கள் காலை வைத்துக் கேட்காமலே நான் தருகிற வாக்கு.

தன் சொல்லை நீங்கள் நம்பிக் கேட்ட, உங்களுக்கு ஒன்றும் கொடாத தம்பி,
இராசு