நீ எழுதிய அந்த ஒரு வரி

அன்புள்ள சுண்டுவுக்கு,

உடம்பைப் பொறுத்தவரை அப்பாவும் நானும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. மாடிப்படி ஏறாதீங்க என்று டாக்டர் சொன்னதிலிருந்து உங்கள் அப்பா வேண்டுமென்றே நாலு தடவை ஏறி இறங்குகிறார். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்றே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டான். அதெல்லாம் கிடக்கட்டும். அன்றைக்கு போனில் நீ சொன்ன வார்த்தைக்குப் பிறகு உன்னோடு பேச வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஒலி நூலகத்தில் பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறோம் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிப்போம் என்று நான் சொன்னதை மட்டும் நீ ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. முதலில் நிதானமாக, கேட்டுக்கொண்டே பிரெய்லில் குறிப்பு குத்துகிறவர்களுக்கு. பிறகு வேகமாக, பரீட்சைக்கு முன்னால் ஒரு ஓட்டம் கேட்கிறவர்களுக்கு. இரண்டுக்கும் தலைப்பு ஒன்றேதான், எது எந்த வாசிப்பு என்பதைப் பதிவின் தொடக்கத்தில் வாயால் சொல்லிவிடுவோம், கேட்கிறவர்களுக்கு அது போதுமே. போன வருஷம் உன் கம்பெனி மென்பொருளை வாங்கலாம் என்று மேலாளரிடம் சொன்னவளும் நான்தான். உள்ளே ஒரு ஏஐ ஏஜென்ட் இருக்கு, எந்தக் கருவி என்ன செய்யும்னு நான் எழுதி வெச்ச விளக்கத்தைப் படிச்சுட்டு அதுவே வேலையை முடிச்சிடும்மா என்று நீ பெருமையடித்தாயே, அதை நம்பித்தான். போன திங்கட்கிழமை கணினியில் இடம் நிறைந்துவிட்டது, நூலகத்தை ஒழுங்குபடுத்து என்று அந்த ஏஜென்டுக்கு எழுதினேன். அது ஒரு கருவியைக் காட்டி இதைச் செய்யட்டுமா என்று கேட்டது. ஒரே கோப்பு இரண்டு தடவை இருந்தால் சரிசெய்யும் என்று கீழே உன் விளக்கம். அவ்வளவுதான், ஒரே வரி. என் பெண் எழுதினதாயிற்றே என்று யோசிக்காமல் சரி என்று அழுத்தினேன். பத்து நிமிஷத்தில் தலைப்பு ஒன்றாக இருந்ததிலெல்லாம் பழையதை அழித்துவிட்டது. முதலில் வாசிப்பது நிதான வாசிப்பு, ஆகவே பழையதும் அதுதான். முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவு, ஒன்றுகூட மிச்சமில்லை. காப்புப் பிரதியும் அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளுமாம், அங்கேயும் சுத்தமாகத் துடைத்தாயிற்று.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிறவர் வந்தார், கண் தெரியாதவர். மேற்பார்வையாளர் பதவிக்குப் பரீட்சை, வயசு தாண்டப்போவதால் இதுதான் கடைசி வாய்ப்பு, அன்றைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. அலுவலக விதிகள் புத்தகத்தைப் போட்டுக் கொடுத்தேன். ரெண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, இது ஓடுதேம்மா, என் கை இவ்வளவு வேகமா குத்தாதே, பழசு எங்கம்மா என்றார். என் மூஞ்சியை அவரால் பார்க்க முடியாது என்று ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அப்போதே என் மேலேயே அருவருப்பு வந்துவிட்டது.

அந்தச் சூட்டோடுதான் உனக்கு போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? அந்த விளக்கத்தை மனுஷங்க யாரும்மா படிக்கப்போறாங்க, மெஷின்தானே படிக்குது, ஒரு நாளைக்கு நாப்பது எழுதணும், ஒரு வரி போதாதா என்றாய். ஏண்டி, வாய் கூசவில்லை? கை வைப்பது மெஷின், விடிவது மனுஷன் தலையிலல்லவா? தலைப்பை மட்டும்தான் பார்க்கும், உள்ளே இருப்பதைக் கேட்காது, பழையதை அழிக்கும், அழித்தது திரும்ப வராது, இத்தனை பதிவு போகப்போகிறது என்று ஆளிடம் எண்ணிக்கை சொல்லிக் கேட்ட பிறகே தொடு. விளக்கத்தில் இதை எழுத உனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? அழிக்கும் என்கிற சொல்லை எழுதக் கசந்து சரிசெய்யும் என்று பூசி மெழுகியிருக்கிறாய், அதுதான் எனக்குத் தாளவில்லை. அழிக்கும் என்று இருந்திருந்தால் என் விரல் நின்றிருக்கும். மேலாளர் விளக்கம் கேட்டார். அழுத்தியது நான், எழுதியது என் மகள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உன் கம்பெனிக்கும் அது வரும், அம்மா காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று மாப்பிள்ளையிடம் புலம்பாதே.

இப்போது அந்த ஆஸ்பத்திரிக்காரருடைய புத்தகத்தை மட்டுமாவது திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறோம். ஒன்பது அத்தியாயம், எனக்கு நாலு, தொண்டை கட்டிப்போய்க் கரகரவென்று கிடக்கிறது. உங்கள் அப்பாகூட மூன்றாவதை எடுத்துக்கொண்டு பஸ் கண்டக்டர் மாதிரி கத்துகிறார், அது வேறு கூத்து. மற்றவர்கள் ஆளுக்கொன்று. ஏழாவது மட்டும் பாக்கி, அறுபத்திரண்டு பக்கம், விடுப்பு விதிகள், படித்தால் தூக்கம் வரும். அதை உனக்கு வைத்திருக்கிறேன். பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியாயிற்று.

நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, கோபத்தில் எழுதினாலும் என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் பதிவு வந்து சேர வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அப்புறம் ஒரு மூச்சு விடு, அங்கே ஒருத்தர் ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக்கொண்டிருப்பார். வாசித்தது யார் என்று அவர் கட்டாயம் கேட்பார். அந்த வரியை எழுதினவள்தான் என்று சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா