மாப்பிள்ளை எவடம்?

இஞ்சருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. ஊரெல்லாம் உங்களைத் தோழர் என்றது; உங்களைக் கட்டிய எனக்கு இந்த ஒரு சொல்தான் வாய்த்தது. இப்போதும் அதுவே இருக்கட்டும்.

போன ஞாயிறு லண்டன் டூட்டிங்கில் உங்கள் இரண்டாம் ஆண்டு நினைவுக் கூட்டம். ஹவுன்ஸ்லோவிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறிப் போவதற்குள் என் முழங்கால் செத்துவிட்டது. பழைய கட்சிக்காரர் ஒருவர், நீங்கள் கடைசிவரை அவர்களுடைய ஆள்தான் என்று முழங்கினார். மொஸ்கோவுக்கும் தலையாட்டவில்லை, பீக்கிங்குக்கும் தலையாட்டவில்லை என்று உங்களைக் கட்சியைவிட்டு நீக்கியவரே அவர்தான்! அதன்பிறகு நீங்கள் சுயேச்சைக் கம்யூனிஸ்டாக நின்று ஊரில் பட்டினசபைத் தலைவரானது அவருக்கு மறந்துபோயிற்று. எனக்குச் சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

உங்களோடு திரிந்த சபாநாதன் மட்டும் நன்றாகப் பேசினார். சாதி பார்த்துச் சிலருக்குப் போத்தலில் தேத்தண்ணீர் கொடுத்த கடைக்குள் நீங்கள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், எல்லோருக்கும் கொடுக்கும் கிளாசிலேயே வாங்கிக் கொடுத்த கதை. சனம் கைதட்டியது. எனக்கும் கண் கலங்கியது. அன்று உடைந்த மண்டையோடு வந்த உங்களுக்குக் கட்டுப் போட்டவள் நானல்லவா?

பிறகு தேநீர் இடைவேளையில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நம் மகளின் கலியாணச் செய்தி அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"நளினிக்குக் கலியாணம் சரிவந்திட்டுதாம், சந்தோசம் அக்கா. மாப்பிள்ளை எவடம்?"

எவடம், எந்த இடம் என்பது சாதியை வாய்விட்டுக் கேட்காமல் தெரிந்துகொள்ள நம் ஆட்கள் கேட்கும் கேள்வி. ஊரைச் சொன்னால் எந்தப் பக்கம் என்பார்கள்; பக்கத்தைச் சொன்னால் யாருடைய ஆட்கள் என்பார்கள்.

"குரொய்டன்," என்றேன். "அங்கைதான் பிறந்தவர்."

"அது தெரியும் அக்கா. தாய் தேப்பன் எவடம்?"

"தம்பி, இப்பதானே மேடையிலை பேசிப்போட்டு வாறியள்?"

"அது வேறை, இது வேறை அக்கா. நாளைக்குப் பிள்ளையெல்லே கஷ்டப்படும்," என்று எழுந்து போனார்.

அவரோடு எனக்குக் கோபமில்லை. வீட்டுக்கு வந்து நம் மகனிடம் சொன்னேன். எயார்போர்ட் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ரவி, சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிரவில்லை.

"அவர் கேட்டதிலை என்ன பிழை? நாலு சனத்தின்ரை முகத்திலை நான் முழிக்க வேணும் அம்மா. நான் வரமாட்டன்."

மாப்பிள்ளை வீட்டார் அன்று போத்தலில் குடிக்க வைக்கப்பட்ட ஆட்கள்; அதனால் தங்கையின் கலியாணத்துக்கு அண்ணன் வரமாட்டானாம். நளினி அறைக்குள் அழுதாள்.

உங்கள் மகன் பேசுகிற பேச்சா இது? ஊரெல்லாம் கூட்டம் வைத்து விளக்கினீர்களே, இவனை ஒருநாளாவது பக்கத்தில் இருத்திப் பேசினீர்களா? அவன் உங்களைப் பார்த்ததெல்லாம் மேடைக்குக் கீழே நின்றுதான். கேட்டால், "எல்லாம் தானா விளங்கும்" என்பீர்கள். விளங்கவில்லை. எனக்குக் களைப்பாக இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை பதிவுத் திருமணம். ரவி வந்தாலும் வராவிட்டாலும் நான் போவேன். நளினிக்குப் பக்கத்தில் நிற்பேன், சாட்சிக் கையெழுத்தும் நானே போடுவேன். உங்கள் கொள்கையைக் காப்பாற்றப் போகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அதற்கு மண்டபம் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்குத்தான் ஆளில்லை.

இப்படிக்கு,
நளினியின் அம்மா