மறுபடி எடுத்த சதை

அன்பு நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். ஃபோனை எடுக்க மாட்டேன் என்று நீ அடம்பிடிப்பதால் காகிதத்தில் வருகிறேன். வேலையை விடுவதாக நீ அனுப்பிய கடிதத்தில் உன் லேப் மேலதிகாரி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உன் விடுப்பு முடியும் திங்கட்கிழமை வரை காத்திருப்பாராம். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

முதலில் நல்ல சேதி. ஆறு ஊசியும் முடிந்தது. நேற்று டாக்டர் பரிசோதித்துவிட்டு, மார்பில் இருந்த புற்றுக்கட்டி கைக்கே தட்டுப்படவில்லை என்றார். உன் அண்ணன் அங்கேயே அழுதுவிட்டு, கண்ணில் தூசி என்று சமாளித்தார். ஏசி அறையில் ஏது தூசி?

ஊசி வேலை செய்யும் விதத்தை டாக்டர் படம் போட்டுக் காட்டினார். உனக்குத் தெரியாததா? வளரச் சொல்லும் சேதியை வாங்க ஒவ்வொரு செல்லின் மேலும் காது மாதிரி ஏற்பிகள் உண்டாம். என் கட்டியில் ஒரு வகை ஏற்பி அளவுக்கு மீறி இருந்ததாம். ஊசி போய் அதை அடைக்கிறதாம். இருபது வருஷமாகக் கூப்பிடுகிறேன், உன் அண்ணனுக்கு இருக்கிற இரண்டு காதும் கேட்பதில்லை. என் கட்டிக்குப் பார், எத்தனை காது!

முதல் ரிப்போர்ட்டில் அந்த ஏற்பி அதிகம் இல்லை என்றுதானே வந்தது? அதை நம்பியிருந்தால் இந்த ஊசியே எனக்குக் கிடைத்திருக்காது. அன்று நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றாய்.

"அண்ணி, அந்த ரிசல்ட்டை நம்பாதீங்க. டெஸ்டுக்கு எடுத்த உங்க சதையை, கெடாம வைக்கிற ஃபார்மலின்ல போடாம அரை நாள் மேஜை மேலயே விட்டுட்டேன். தப்பு என்னோடது."

லேபில் யாருக்கோ பிரிவு உபசாரம், கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், போனாய், மறந்தாய். ஒருவரும் பார்க்கவில்லை. நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கடைசிவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

மறுபடி குத்திச் சதை எடுத்தபோது உன்மேல் கோபம் வந்தது உண்மைதான். வலி அப்படி. ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. அதற்குள் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு உன் அம்மாவிடம் போய்விட்டாய். ஏற்பி அதிகம் என்று புது ரிசல்ட் வந்த அன்றே கோபம் போய்விட்டது. நன்றி சொல்லத்தான் நாலு மாதம் எனக்கு வாய் வரவில்லை. நீ செய்தது பெரிய காரியம், கண்ணு. உனக்கு ரொம்ப நன்றி.

அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். எடுக்கும் சதை உன் லேபுக்குத்தான் வரும். அதை யார் கையில் கொடுப்பது என்று மேலதிகாரி என்னிடமே கேட்டார். என் நாத்தனார் வந்து வாங்கிக்கொள்வாள் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். வந்துவிடு.

உன்னை நம்பியிருக்கும்,
அண்ணி