அலீனாவின் பால்பல்

அன்புள்ள அத்தாவுக்கு ஷாகிராவின் ஸலாம். நான் நலம். ஈரல் கெட்டதால் வந்த உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? அம்மா மாத்திரை போடுகிறாரா?

ஊறுகாய் ஒசாகா வந்து சேர்ந்தது. கூடவே பஞ்சில் சுற்றிய உங்கள் பேத்தி அலீனாவின் பால்பல்லும். வெந்நீரில் கழுவி மூன்று நாள் வெயிலில் காயவைத்தீர்களாமே! பல்லுக்குள் இருக்கும் சதை உயிரோடு இருந்தால்தான் அதிலிருந்து கல்லீரல் செல் வளர்க்க முடியும். அதையும் எங்கள் ஆய்வகத்தில் இன்னும் எலிக்குத்தான் வைத்துப் பார்க்கிறோம்.

"பேத்தி பல்லு போதுங்க பாய், புது ஈரலே வந்துடும்" என்று பாப்பிரெட்டிப்பட்டி மண்டபத்தில் முகாம் போட்டாரே, அந்த வெள்ளைக் கோட்டுக்காரரின் நோட்டீஸை உசேன் அண்ணன் படம் எடுத்து அனுப்பினார். அதில் அச்சடித்திருப்பது ஆட்டு ஈரல். அந்த ஆளின் படிப்பு அவ்வளவுதான். முப்பது வருடம் கறிக்கடை வைத்திருந்த உங்களுக்கு அது தெரியவில்லையா?

தெரிந்திருக்கும். அண்ணன் தன் ஈரலில் ஒரு துண்டு உங்களுக்குத் தருகிறேன் என்கிறார், "எம்புள்ள மேல கத்தி படக்கூடாது" என்கிறீர்கள். அதனால்தான் அந்தப் புளுகனை நம்பினீர்கள். ஆறு வயதுக் குழந்தையிடம் பல்லை வாங்கினீர்கள், வளர்ந்த மகனிடம் வாங்க மாட்டீர்களா? வெட்டிய ஈரல் சில மாதத்தில் அவருக்குத் திரும்ப வளர்ந்துவிடும். திங்கட்கிழமை டாக்டரிடம் சரி என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த பார்சலில் கறிமசாலா வையுங்கள். பல்லைத் திருப்பி அனுப்ப மாட்டேன். ஆய்வுக்கு உதவாது, ஆனால் இந்த ஊரில் நம் வீட்டு ஆள் என்று எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.

ஸ்டேஷனில் நின்றுதான் எழுதுகிறேன், ரயில் வந்துவிட்டது.

ஷாகிரா