ஒருவர் மட்டும் தரவிறக்கும் பாடம்

சனிக்கிழமை, இரவு.

நாளை என் இணையதளத்தை மூடிவிடுவது என்றிருந்தேன். ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகக் கணிதப் பாடங்களைப் படமெடுத்து அதில் இலவசமாகப் போடுகிறேன். ஆனால் ஒவ்வொரு பாடத்தையும் நமுனுகுலயிலிருந்து ஒரே ஒருவர்தான் தரவிறக்குவதாகக் காட்டும். ஒருவருக்காகவா இவ்வளவு பாடு என்று வெறுத்துப்போயிருந்தேன்.

இன்று ஹாலிஎல பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெண் என் முகத்தையே பார்த்தாள்.

“நீங்க கணக்கு டீச்சர்தானே? நமுனுகுலயில எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் புள்ளைங்க எல்லாம் உங்க பாடத்தத்தான் பாக்குதுங்க.”

“எல்லாருமா? ஒருத்தர்தானே இறக்குறாங்க?”

“அது நான்தாங்க. லயத்துல சிக்னல் இல்ல. காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப மேட்டுல நின்னு இறக்கிருவேன். வேலை முடிஞ்சு வந்து எல்லா போனுக்கும் புளூடூத்துல அனுப்பிருவேன்.” சிரித்தாள். “பாடத்துக்கு நடுவுல ஒரு சேவல் கூவுமே, புள்ளைங்களும் சேந்து கூவுதுங்க!”

சிரித்ததில் இறங்க வேண்டிய இடத்தையே விட்டுவிட்டேன்.

அந்தச் சேவல் பக்கத்து வீட்டு மேரி அக்காவுடையது. பாடம் கெடுகிறது என்று போன வாரம்தான் சண்டை போட்டு அதைக் கூடைக்குள் அடைக்க வைத்தேன். நாளை புதுப் பாடம் எடுக்கிறேன். சேவலைத் திறந்துவிடுங்கள் அக்கா என்று எந்த முகத்தோடு போய்க் கேட்பதோ!