மன்னிப்புக் கேட்க வராத ஞானமுத்து

ஆகஸ்ட் 16, 1964. ஞாயிறு.

கோயில் கூரைத் தகரத்தை நான் திருடியதாகச் சபை நடுவே சொன்ன ஞானமுத்து, இன்று மழைத் தண்ணீர் குடிசைக்குள் ஏறியதால் மனைவியோடு என் வாசலில் வந்து நின்றான்.

“மன்னிப்பு கேக்க வரலவே. மழைக்கு ஒதுங்க வந்தேன்.”

“நானும் மன்னிப்பு குடுக்கலவே. பாய்தான் குடுக்கேன். உள்ள வாரும்.”

வீட்டு ஜெபத்தை விருந்தாளி முடிப்பது எங்கள் வழக்கம். அவனிடமே விட்டேன். இந்த வீட்டை ஆசீர்வதியும் என்று தொடங்கியவன், “இந்த மனுஷன்மேல நான் சொன்னது பொய், ஆண்டவரே” என்று உடைந்து அழுதான். என்னிடம் சொல்லவில்லை, ஆண்டவரிடம்தான் சொன்னான். போகட்டும். நான் கேட்கும் முன்பே எனக்கு இரங்கியவர் அவர்தானே. வரிசை வீடுகள் எல்லாம் கேட்கும்படி ஆமென் சொன்னேன்.

இப்போது அவன் விடும் குறட்டையில் எனக்குத் தூக்கம் வராது. வராவிட்டால் என்ன? ஜெயித்தது ஆண்டவரும் நானும்.